பெண், சிபாரிசு, பேச்சு: எமது ஊர்களில் ஒரு முஸ்லிமின் பெறுமதி எதைக் கொண்டு அளக்கப்படுகிறது?

ஸஹ்ல் பின் ஸஅத் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. நபி (ஸல்) அவர்களைக் கடந்து ஒருவர் செல்கிறார். இவரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று நபியவர்கள் அருகில் இருந்தவர்களிடம் கேட்கிறார்கள். பெண் கேட்டால் கொடுப்பார்கள், சிபாரிசு செய்தால் ஏற்பார்கள், பேசினால் காது கொடுப்பார்கள், அப்படிப்பட்டவர் இவர் என்று பதில் வருகிறது. நபியவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரத்தில் ஏழை முஸ்லிம் ஒருவர் அவ்வழியே போகிறார். மீண்டும் அதே கேள்வி. இவருக்குப் பெண் கிடைக்காது, இவருடைய சிபாரிசு செல்லாது, இவர் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள் என்கிறார்கள். முன்னால் போனவரைப் போன்றவர்களால் பூமியே நிறைந்தாலும் இந்த ஏழை அவர்களை விடச் சிறந்தவர் என்பது நபியவர்களின் தீர்ப்பாக இருந்தது.

இந்த ஹதீஸை ஏழைகளுக்கான ஆறுதலாகவே நாம் ஜும்ஆக்களில் கேட்டுப் பழகியிருக்கிறோம். என் கவனத்தை ஈர்ப்பது அதிலுள்ள மூன்று அளவுகோல்கள். அவரிடம் எத்தனை ஒட்டகம் உண்டு, எத்தனை தோட்டம் உண்டு என்று அங்கே யாரும் கணக்குச் சொல்லவில்லை. செல்வமும் அந்தஸ்தும் ஊருக்குள் எதை வாங்கித் தரும் என்பதையே சொன்னார்கள். கலியாணம், சிபாரிசு, சபையில் பேச்சு. பதினான்கு நூற்றாண்டுகள் கழித்து எமது ஊர்களிலும் இதே மூன்றுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்களில் சிறந்தவர் அதிகம் இறையச்சமுள்ளவரே என்ற கருத்துள்ள ஸூரா அல்ஹுஜுராத்தின் 13ஆம் வசனத்தைத் தெரியாத முஸ்லிம் அபூர்வம். புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமையும் கடை முதலாளியும் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுகிறார்கள். ஸலாம் கொடுத்து வெளியே வந்து செருப்பைப் போட்டதும் பழைய அளவுகோல் கைக்கு வந்துவிடுகிறது.

கலியாணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். எமது சமூகத்தில் ஒரு மனிதனின் விலை வெளிப்படையாகப் பேசப்படும் இடம் அதுதான். மாப்பிள்ளை என்ன தொழில், வெளிநாட்டிலா, சொந்தக் கடையா, தகப்பன் யார், என்ன குடும்பம் என்று கேட்டு முடித்த பிறகு, நேரம் மிஞ்சினால் தொழுகையைப் பற்றி ஒரு கேள்வி வரும். பெண் வீட்டாரிடம் கேட்கும் கேள்வி அதைவிடச் சுருக்கமானது: என்ன தருவீர்கள்? கிழக்கில் அது வீடாக இருக்கும். வேறு இடங்களில் காசாக, நகையாக, வாகனமாக இருக்கும். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்திலேயே கைக்கூலி என்ற சொல் இடம்பிடிக்கும் அளவுக்கு அந்த வழக்கம் எம்மில் ஊறிப்போயிருக்கிறது. ஆண் பெண்ணுக்கு மஹர் கொடுக்க வேண்டும் என்று சொல்லும் மார்க்கத்தைப் பின்பற்றுபவர்கள் நாம்!

இந்த இடத்தில் ஜுலைபீப் (ரழி) அவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மதீனாவில் சொல்லிக்கொள்ளக் குடும்பமோ பொருளோ தோற்றமோ இல்லாதவர். நபியவர்கள் அன்ஸாரிகளில் ஒருவரிடம் போய் அவருடைய மகளைக் கேட்கிறார்கள். நபியவர்கள் தமக்காகக் கேட்கிறார்கள் என்று நினைத்துத் தகப்பன் மகிழ்ந்து போகிறார். ஜுலைபீபுக்காக என்று தெரிந்ததும் மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று நழுவுகிறார். தாய் ஒரேயடியாக மறுத்துவிடுகிறார். இதை உள்ளே இருந்து கேட்ட மகள்தான், அல்லாஹ்வின் தூதர் கேட்டதையா தட்டுகிறீர்கள், என்னை அவரிடம் ஒப்படையுங்கள், அவர் என்னை வீணாகப் போக விடமாட்டார் என்ற கருத்தில் பெற்றோரிடம் பேசினார். முஸ்னத் அஹ்மதில் இந்தச் செய்தி விரிவாக வருகிறது. பின்னர் ஒரு போர் முடிந்ததும், யாரைக் காணவில்லை என்று நபியவர்கள் கேட்க, தோழர்கள் சில பெயர்களைச் சொல்கிறார்கள். எவரும் ஜுலைபீபின் பெயரைச் சொல்லவில்லை. நான் ஜுலைபீபைத் தேடுகிறேன் என்று நபியவர்கள்தான் சொல்ல வேண்டியிருந்தது. எதிரிகள் ஏழு பேரின் உடல்களுக்கு அருகில் அவர் ஷஹீதாகிக் கிடந்தார். கப்று தோண்டி முடியும் வரை அவரைத் தாங்கும் கட்டிலாக இருந்தவை நபியவர்களின் இரு கைகள் என்று ஸஹீஹ் முஸ்லிம் அறிவிப்பு சொல்கிறது.

குஃபு பார்க்கக் கூடாதா, மார்க்கத்திலேயே அது இருக்கிறதே என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். நம்மில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் கிதாபுகளில் வம்சம், தொழில் இரண்டும் குஃபுவில் சேர்க்கப்பட்டிருப்பது உண்மை. ஆனால் அதே இடத்தில் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது மின்ஹாஜில் பொருள் வசதி குஃபுவில் சேராது என்பதையே சரியான கருத்தாகத் தெரிவு செய்திருக்கிறார்கள். மணப்பெண்ணும் வலியும் விரும்பினால் குஃபுவை விட்டுக்கொடுக்கலாம், நிகாஹ் செல்லுபடியாகும் என்பதும் அங்கேயே இருக்கிறது. எமது ஊர்களில் நடப்பதைப் பாருங்கள். இமாம் தள்ளிய பணம் முதலிடத்தில் நிற்கிறது. விட்டுக்கொடுக்கலாம் என்று சொன்ன தொழிலும் குடும்பமும் விட்டுக்கொடுக்க முடியாத சுவராக நிற்கிறது. சுன்னத்துச் செய்யும் ஒஸ்தாமாரின் குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். உஸ்தாத், அதாவது ஆசான், என்ற சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் பெயர் அது. இப்றாஹீம் (அலை) அவர்களின் வழிமுறையை எம் பிள்ளைகளுக்கு நிறைவேற்றித் தந்தவர்களின் வீட்டில் சம்பந்தம் பேச வேண்டி வந்தால் முகம் சுளித்த ஊர்கள் இந்த நாட்டில் உண்டு. மாறிவிட்டது என்கிறார்கள். கொஞ்சம் மாறியிருக்கிறது.

குடும்பம் நடத்தும் சக்தியைப் பார்ப்பது வேறு விடயம். பாத்திமா பின்த் கைஸ் (ரழி) அவர்களை முஆவியா (ரழி), அபூ ஜஹ்ம் (ரழி) இருவரும் பெண் கேட்டபோது, முஆவியாவிடம் பொருள் இல்லை என்பதை நபியவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். மற்றவர் கைத்தடியைக் கீழே வைக்காதவர் என்றும் சொன்னார்கள். அதன் பிறகு அவர்கள் காட்டிய மாப்பிள்ளை உஸாமா (ரழி). விடுதலை செய்யப்பட்ட அடிமையான ஸைத் (ரழி) அவர்களின் மகன். குறைஷிக் குலத்துப் பெண்ணான பாத்திமா முதலில் விரும்பவில்லை, பிறகு ஏற்றார், அந்த வாழ்க்கையில் நலவைக் கண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். கஞ்சிக்கு வழி இருக்கிறதா என்று பார்த்தார்கள், அடிப்பவனா என்று பார்த்தார்கள். யாருடைய மகன் என்பது தடையாகவில்லை.

இரண்டாவது அளவுகோலான சிபாரிசைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, எல்லோரும் அனுபவித்ததுதான். பாடசாலை அனுமதிக்கும் நிகாஹுக்கும் பள்ளிக் கடிதம் தேவைப்படுகிறது. ஒருவருக்கு அந்தக் கடிதம் வீடு தேடிப் போகிறது. இன்னொருவர் சந்தா நிலுவைக்காக மூன்று தடவை அலைகிறார். நிர்வாக சபை ஒன்றில் சில காலம் இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். கூலி வேலை செய்யும் ஒருவருடைய நிலுவை ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு, அதற்குக் கணக்குப் புத்தகம் விரிக்கப்படும். வசதியானவரின் பல வருட நிலுவையை எடுத்துப் பேச வாய் வராது. மக்ஸூம் கோத்திரத்துப் பெண் திருடியபோது நடந்ததை நாம் பிள்ளைகளுக்கு மத்ரஸாவில் சொல்லிக்கொடுக்கிறோம். உயர்குலத்துப் பெண் என்பதால் குறைஷிகள் கவலைப்பட்டு, நபியவர்களின் அன்புக்குரிய உஸாமாவையே சிபாரிசுக்கு அனுப்பினார்கள். நபியவர்கள் கோபமுற்றார்கள். பெரிய இடத்தவன் திருடினால் விட்டுவிடுவதும் பலவீனன் திருடினால் தண்டிப்பதும்தான் முன்னைய சமூகங்களை அழித்தது என்று எழுந்து நின்று பேசினார்கள். தம் மகள் பாத்திமாவே ஆனாலும் சட்டம் ஒன்றுதான் என்றார்கள்.

மூன்றாவது, பேச்சு. சபையில் யாருடைய குரல் கேட்கும்? மக்காவின் தலைவர்கள் நபியவர்களிடம் வைத்த நிபந்தனைகளில் ஒன்று, இந்த எளியவர்களை உங்கள் சபையிலிருந்து அகற்றுங்கள் என்பது. ஸூரா அல்அன்ஆமின் 52ஆம் வசனம் அதற்குத் தடை போட்டது. அந்த நேரம் நபியவர்களோடு இருந்தவர்களில் பிலால் (ரழி), இப்னு மஸ்ஊத் (ரழி) போன்றோர் இருந்தார்கள். குறைஷித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது வந்த பார்வையற்ற தோழரான இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களுக்காக ஸூரா அபஸ இறங்கியது. பிற்காலத்தில் மதீனாவில் அவர் முஅத்தினாகவும், நபியவர்கள் பயணம் போனபோது மக்களுக்குத் தொழுகை நடத்துபவராகவும் இருந்தார்.

எமது பொதுக்கூட்டங்களில் ஒரு முஅத்தின் எழுந்து கருத்துச் சொல்லி நான் பார்த்ததில்லை. ஐந்து நேரமும் எம்மை அழைப்பவர் அவர்தான், கூட்டத்தில் தேநீர்த் தட்டைக் கொண்டுவருபவரும் அவராகவே இருப்பார். டிரஸ்டியாவதற்கு என்ன தகுதி என்று எந்த யாப்பிலும் பணக்காரர் என்று எழுதப்பட்டிருக்காது. எழுதாமலே நடக்கிறது. குபாவில் ஆரம்பத்தில் ஹிஜ்ரத் வந்தவர்களுக்கு இமாமத் செய்தவர், அபூ ஹுதைஃபா (ரழி) அவர்களின் விடுதலை செய்யப்பட்ட அடிமையான ஸாலிம் (ரழி). பின்னால் நின்று தொழுதவர்களில் உமர் (ரழி) அவர்களும் ஒருவர். அவரிடம் குர்ஆன் அதிகம் இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

உமர் (ரழி) அவர்கள் கலீஃபாவாக இருந்த காலத்தில் மக்காவின் ஆளுநர் நாஃபிஉ பின் அப்துல் ஹாரிஸ் உஸ்ஃபானில் அவர்களைச் சந்திக்கிறார். மக்காவை யாரிடம் விட்டு வந்தீர் என்று கேட்க, இப்னு அப்ஸா என்கிறார். அவர் யார்? எமது மவாலிகளில், அதாவது விடுதலை செய்யப்பட்டவர்களில், ஒருவர். மவ்லா ஒருவரையா மக்காவுக்குப் பொறுப்பாக்கினீர் என்று உமர் (ரழி) கேட்டது இயல்பான ஆச்சரியம். அவர் அல்லாஹ்வின் வேதத்தை ஓதத் தெரிந்தவர், வாரிசுரிமைச் சட்டம் அறிந்தவர் என்று பதில் வந்தது. இந்த வேதத்தைக் கொண்டு அல்லாஹ் சிலரை உயர்த்துவான், சிலரைத் தாழ்த்துவான் என்று நபியவர்கள் கூறியிருந்ததை உமர் (ரழி) அப்போது நினைவுகூர்ந்தார்கள். நியமனம் அப்படியே நின்றது.

இதையெல்லாம் எழுதும்போது செல்வந்தர்களைத் தூற்றுவதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கதீஜா (ரழி), உஸ்மான் (ரழி), அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) எல்லோரும் வசதி படைத்தவர்கள். எங்களைப் போலவே தொழுது நோன்பும் நோற்று, அதற்கு மேல் ஸதகாவும் கொடுத்து நன்மைகளை அள்ளிப் போகிறார்களே என்று ஏழை ஸஹாபாக்கள் செல்வந்தர்களைப் பற்றி நபியவர்களிடம் முறையிட்டிருக்கிறார்கள். எமது பள்ளிவாசல்களும் மத்ரஸாக்களும் கொடையாளிகளால் எழுந்தவையே. ஏழையாக இருப்பதே தக்வா என்றும் ஆகிவிடாது. வறுமையிலும் பெருமையடிப்பவர் உண்டு. தக்வா இங்கே என்று நபியவர்கள் மூன்று தடவை தமது நெஞ்சைச் சுட்டிக் காட்டினார்கள். அதை அளக்கும் கருவி எம்மிடம் இல்லை. எம்மால் முடிந்தது ஒன்றுதான், தவறான அளவுகோலைக் கீழே வைப்பது. சம்பந்தம் பேசும்போது கேள்விகளின் வரிசையை மாற்றலாம். பள்ளிக் கடிதத்துக்கு எல்லோருக்கும் ஒரே விதியை வைக்கலாம். கூட்டத்தில் முஅத்தினுக்கும் ஒரு கதிரை போட்டு அவர் கருத்தைக் கேட்கலாம். இவற்றுக்கு நிதி சேகரிக்க வேண்டியதில்லை.

ஜனாஸா அறிவித்தல்களையும் பார்க்கிறோம். இன்னாரின் தந்தை, இன்னாரின் மாமனார், முன்னாள் தலைவர், பிரபல வர்த்தகர் என்று நீளும். சொல்ல ஒன்றும் இல்லாதவரின் அறிவித்தல் ஒரு வரியில் முடிந்துவிடும். மதீனாவின் பள்ளிவாசலைக் கூட்டிச் சுத்தம் செய்துவந்த கறுப்பினத்தவர் ஒருவர் இருந்தார். ஆணா பெண்ணா என்பதில்கூட சில அறிவிப்புகளில் சந்தேகம் இருக்கிறது. பெண் என்றே பெரிதும் சொல்லப்படுகிறது. அவர் மௌத்தானபோது தோழர்கள் அதைப் பெரிய விடயமாக எடுக்காமல் அடக்கிவிட்டார்கள். ஆளைக் காணவில்லையே என்று நபியவர்கள் விசாரித்த பிறகுதான் சொன்னார்கள். எனக்கு அறிவித்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, அவருடைய கப்று எது என்று காட்டச் சொன்னார்கள். காட்டினார்கள். நபியவர்கள் அங்கே போய் அவருக்காகத் தொழுதார்கள்.