ஜிப்சி மோத் 4

ஜிப்சி மோத் 4 என்பது பிரித்தானியக் கடலோடியான சர் பிரான்சிஸ் சிசெஸ்டர் 1966 - 1967 ஆம் ஆண்டுகளில் தனியொருவராக உலகைச் சுற்றிவரப் பயன்படுத்திய பாய்மரப் படகு ஆகும். ஒரேயொரு துறைமுகத்தில் மட்டும் தங்கி நிறைவேற்றப்பட்ட இப்பயணம் அக்காலத்தில் பெரும் சாதனையாகக் கருதப்பட்டது. பின்னர் இப்படகு இலண்டனின் கிரீன்விச் பகுதியில் தரைமேல் காட்சிக்கு வைக்கப்பட்டுப் பல ஆண்டுகள் சிதைவுற்றது. 2004 - 2005 இல் முழுமையாகச் சீரமைக்கப்பட்டு மீண்டும் உலகைச் சுற்றி வந்தது. பழைய மரப் படகுகள் எவ்வாறு பழுதடைகின்றன, அவற்றை எவ்வாறு புதுப்பிக்கலாம் என்பவற்றுக்கு இப்படகின் வரலாறு நல்லதோர் எடுத்துக்காட்டு ஆகும்.

பெயர்

சிசெஸ்டர் கடலோடியாகும் முன் வானோடியாக இருந்தவர். டி ஹாவிலாண்ட் நிறுவனத்தின் 'ஜிப்சி மோத்' வகைச் சிறு வானூர்தியில் இங்கிலாந்திலிருந்து ஆத்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்தார். 1931 இல் அதே வானூர்தியில் தாசுமான் கடலையும் கடந்தார். அதன் நினைவாகத் தம் படகுகளுக்கும் அப்பெயரையே சூட்டினார். 1960 இல் நடந்த முதலாவது தனிநபர் அத்திலாந்திக் படகுப் போட்டியில் வெற்றிபெற்ற படகு ஜிப்சி மோத் 3 ஆகும்.

வடிவமைப்பும் கட்டுமானமும்

இப்படகை ஜான் இல்லிங்வொர்த், ஆங்கஸ் பிரிம்ரோஸ் ஆகியோர் வடிவமைத்தனர். இங்கிலாந்தின் கோஸ்போர்ட் நகரில் உள்ள கேம்பர் அண்ட் நிக்கல்சன்ஸ் படகுத்துறையில் கட்டப்பட்டு 1966 மார்ச்சில் நீரில் இறக்கப்பட்டது. இதன் நீளம் ஏறத்தாழ 54 அடி (16 மீட்டர்). இது 'கெட்ச்' வகைப் படகு. அதாவது, நடுவே உயரமான முதன்மைப் பாய்மரமும், பின்புறம் சற்றுக் குட்டையான இரண்டாம் பாய்மரமும் கொண்டது. ஒருவரே கையாள வேண்டியிருந்ததால், பாய்களைச் சிறு சிறு பரப்புகளாகப் பிரித்துக்கொள்ள இவ்வமைப்பு உதவியது.

உடற்பகுதி குளிர்வார்ப்பு எனப்படும் முறையில் செய்யப்பட்டது. மரபான மரப் படகில், வங்கு எனப்படும் விலாச்சட்டங்களின் மேல் தடித்த பலகைகள் பொருத்தப்பட்டு, இடைவெளிகளில் பஞ்சு முதலியன திணித்துக் கலப்பற்று இடப்படும். குளிர்வார்ப்பு முறையிலோ மெல்லிய மரத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, வெவ்வேறு திசைகளில் சாய்வாக அடுக்கி ஒட்டப்படுகின்றன. ஜிப்சி மோத் 4 இல் இதற்கு ஒண்டுராசு மகோகனி மரம் பயன்படுத்தப்பட்டது. இவ்வாறு அமைந்த உடலில் இணைப்பு இடைவெளிகள் இல்லை. எடை குறைவு, வலிமை மிகுதி. ஆனால், நீர் அடுக்குகளுக்கிடையே நுழைந்துவிட்டால் வெளியிலிருந்து அதைக் கண்டறிதல் கடினம்.

நீரில் இறக்கியபோதே படகு எளிதில் ஒருபக்கமாகச் சாய்வது தெரியவந்தது. எனவே அடிப்பகுதியில் கூடுதல் எடை சேர்க்கப்பட்டது. பயணத்தின் பின்னரும் சிசெஸ்டர் இப்படகின் குறைகளை வெளிப்படையாகவே எழுதினார்.

முதல் உலகப் பயணம்

சிசெஸ்டர் 1966 ஆகத்து 27 இல் பிளைமவுத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். சிட்னியை அடையுமுன் காற்றின் திசைக்கேற்பத் தானே படகைச் செலுத்தும் கருவி முறிந்துபோனது. சுக்கான்பிடியைப் பாய்களுடன் கயிறுகளால் இணைத்து, படகு தானாகச் செல்லுமாறு அவர் செய்துகொண்டார். 107 நாட்களில், திசம்பர் 12 இல் சிட்னியை அடைந்தார்.

சிட்னியில் படகின் ஏரா (அடிப்பகுதியில் நீளவாக்கில் அமைந்த முதுகெலும்பு) மாற்றியமைக்கப்பட்டது. 1967 சனவரி 29 இல் மீண்டும் புறப்பட்ட படகு, மறுநாள் இரவே தாசுமான் கடலில் பேரலையால் கவிழ்ந்து பின்னர் தானாக நிமிர்ந்தது. மார்ச்சில் ஓர்ன் முனையைக் கடந்து, மே 28 இல் பிளைமவுத் திரும்பியது. இரண்டாம் பகுதிக்கு 119 நாட்களும், மொத்தக் கடற்பயணத்துக்கு 226 நாட்களும் ஆயின. அப்போது சிசெஸ்டருக்கு வயது 65. அவ்வாண்டு சூலையில் கிரீன்விச்சில் எலிசபெத் அரசி, பிரான்சிஸ் டிரேக்கிற்குரிய வாளைக் கொண்டு அவருக்கு 'சர்' பட்டம் வழங்கினார்.

தரைமேல் காட்சிப்பொருள்

1968 இல் ஜிப்சி மோத் 4 கிரீன்விச்சில், 1869 இல் கட்டப்பட்ட கட்டி சார்க் என்னும் புகழ்பெற்ற பாய்க்கப்பலின் அருகே, நீரற்ற தொட்டி ஒன்றில் நிலையாக நிறுத்தப்பட்டது. தொடக்கத்தில் பார்வையாளர்கள் படகின்மேல் ஏறிப் பார்க்க அனுமதிக்கப்பட்டனர். மேல்தளம் தேய்ந்து பழுதடைந்ததால் பின்னர் அது நிறுத்தப்பட்டது. வெயிலிலும் மழையிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்ற படகு படிப்படியாகச் சிதைந்தது. உலகின் கடுமையான கடல்களைத் தாங்கிய படகு தரையில் அழியும் நிலைக்கு வந்தது.

சிதைவின் காரணங்கள்

மரப் படகு கடலைவிடத் தரையில் விரைவாகக் கெடுவதற்குப் பின்வரும் காரணங்கள் உள்ளன.

* மழைநீர்: மரத்தை அழுகச் செய்பவை பூஞ்சைகள். மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் இவை வளரத் தொடங்கும். உப்புநீர் இவற்றின் வளர்ச்சியை ஓரளவு தடுக்கிறது; நன்னீர் தடுப்பதில்லை. எனவே மேல்தளத்தில் தேங்கும் மழைநீர் கடல்நீரைவிடத் தீங்கானது.
* துளைகள்: மேல்தளத்தில் பொருத்தப்படும் ஒவ்வொரு உலோக உறுப்பும் மரையாணிகளால் பிடிக்கப்படுகிறது. துளைகளைச் சுற்றியுள்ள அடைப்புப் பசை காலப்போக்கில் வெடிக்கும்போது, நீர் அவ்வழியே மரத்தின் உட்பகுதியை அடைகிறது.
* காற்றோட்டமின்மை: மூடப்பட்ட அறைகளில் ஈரம் தங்கிவிடுகிறது. பயன்பாட்டிலுள்ள படகில் அடிக்கடி கதவுகள் திறக்கப்படுவதும் நீர் இறைக்கப்படுவதும் இதைத் தவிர்க்கின்றன.
* எடைப் பங்கீடு: நீரில் மிதக்கும் படகை நீர் எல்லாப் பக்கமும் சமமாகத் தாங்குகிறது. தரையில் முழு எடையும் ஏராவின்மீதும் சில முட்டுக்கட்டைகளின்மீதும் விழுகிறது.
* உலோக அரிப்பு: ஈரமான சூழலில் இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால், அவற்றுள் ஒன்று மின்வேதி முறையில் அரிக்கப்படுகிறது. துருப்பிடித்த ஆணி தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கிறது.

மீட்பு முயற்சி

2003 இல் 'யாட்டிங் மன்த்லி' இதழின் ஆசிரியர் பால் கெல்டர் இப்படகை மீட்டுச் சீரமைக்க வேண்டும் என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். வைட் தீவின் கவ்ஸ் நகரில் இயங்கும் ஐக்கிய இராச்சியப் பாய்மரக் கல்விக்கழகம் இதில் இணைந்தது. படகின் விலையாக ஒரு பவுண்டு பணமும் ஒரு கோப்பை ஜின்-டானிக் பானமும் வழங்கப்பட்டன. 2004 நவம்பரில் படகு தொட்டியிலிருந்து தூக்கப்பட்டு, சாலைவழியாகக் கோஸ்போர்ட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டது. அது பிறந்த படகுத்துறையிலேயே சீரமைப்பும் நடந்தது குறிப்பிடத்தக்கது.

சீரமைப்பு முறை

பழைய படகொன்றைப் புதுப்பிக்கும் பணி பொதுவாக ஆய்வில் தொடங்குகிறது. வண்ணப்பூச்சு சுரண்டப்பட்டு, மரம் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கப்படுகிறது. நல்ல மரம் கணீரென ஒலிக்கும். அழுகிய மரம் மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடங்களில் ஈரப்பதமானியும் கூர்மையான ஊசியும் பயன்படுகின்றன. ஈரமான மரத்தின்மேல் வண்ணமோ பிசினோ பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு அழுகல் தொடரும். எனவே, மரம் உலரும்வரை காத்திருத்தல் பணியின் இன்றியமையாத பகுதியாகும்.

அழுகிய பகுதி, நல்ல மரம் தென்படும்வரை வெட்டியெடுக்கப்படுகிறது. குளிர்வார்ப்பு உடலில் வெட்டின் விளிம்பு நீண்ட சாய்வாகச் செதுக்கப்படும். மரத்தின் தடிமனைப்போல் எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு வரை சாய்வின் நீளம் இருப்பது வழக்கம். ஒட்டும் பரப்பு அதிகமாக இருந்தால்தான் விசை பழைய மரத்திலிருந்து புதிய மரத்துக்குச் சீராகக் கடத்தப்படும். பின்னர், முன்பிருந்த அடுக்குகளின் திசையையே பின்பற்றிப் புதிய தகடுகள் எப்பாக்சிப் பிசினால் ஒவ்வொன்றாக ஒட்டப்படுகின்றன.

பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கும் கம்பிவடங்கள் தனிக் கவனத்துக்குரியவை. ஒரு வடம் அறுந்தால் பாய்மரமே முறியக்கூடும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளிலும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் முனைப்பூட்டுகளுக்குள் தோன்றுவதால், ஆண்டுதோறும் ஆய்வு செய்வதும், ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவதும் பரிந்துரைக்கப்படுகின்றன. நீருக்கு அடியிலுள்ள உலோகங்களைக் காக்கத் துத்தநாகக் கட்டிகள் பொருத்தப்படுகின்றன. இவை மற்ற உலோகங்களுக்கு மாற்றாகத் தாம் அரிக்கப்படுவதால், அவ்வப்போது புதிதாக மாற்றப்பட வேண்டும்.

ஜிப்சி மோத் 4 இல் உடலும் தளமும் சீர்செய்யப்பட்டதுடன், புதிய எந்திரம், மின்கம்பி இணைப்புகள், கம்பிவடங்கள், பாய்கள், நவீன வழிகாட்டிக் கருவிகள் ஆகியவையும் பொருத்தப்பட்டன. ஒருவருக்காகக் கட்டப்பட்ட படகில் இப்போது பலர் செல்லவேண்டியிருந்ததால், பாதுகாப்பு ஏற்பாடுகளும் விரிவாக்கப்பட்டன. 2005 ஜூன் 20 இல் படகு மீண்டும் நீரில் இறக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் பயணமும் விபத்தும்

2005 செப்டம்பரில் இரண்டாம் உலகப் பயணம் தொடங்கியது. இம்முறை பனாமாக் கால்வாய் வழியாகச் செல்லத் திட்டமிடப்பட்டது. வாய்ப்புக் குறைந்த இளைஞர்கள் பலர் பயணத்தின் வெவ்வேறு பகுதிகளில் படகோட்டிகளாகப் பங்கேற்றனர்.

2006 ஏப்ரல் 29 இல், பிரெஞ்சுப் பொலினீசியாவின் ரங்கிரோவா பவளத்தீவில் படகு பாறைத்திட்டில் மோதித் தரைதட்டியது. வழிசெலுத்தலில் நேர்ந்த பிழையே இதற்குக் காரணம். உயிரிழப்பு ஏற்படவில்லை, ஆனால், அலைகள் படகைப் பவளப்பாறையில் உராயச் செய்ததால் உடலில் பெரிய துளை ஏற்பட்டது. சில நாட்களுக்குப் பின், ஒட்டுப்பலகைகளால் துளை தற்காலிகமாக அடைக்கப்பட்டுப் படகு இழுத்தெடுக்கப்பட்டது. தாகித்திக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து கப்பலில் ஏற்றி நியூசிலாந்தின் ஓக்லாந்து நகருக்கு அனுப்பப்பட்டது. அங்கு விரைந்து பழுதுபார்க்கப்பட்டு, அவ்வாண்டு ஜூன் மாதமே மீண்டும் நீரில் இறக்கப்பட்டது. 2007 மே 28 இல், முதல் பயணம் முடிந்து சரியாக நாற்பது ஆண்டுகள் நிறைவுற்ற நாளில், படகு பிளைமவுத்தை அடைந்தது.

2010 இல் கல்விக்கழகம் இப்படகைத் தனியாருக்கு விற்றது. அதன் பராமரிப்புக்கென அறக்கட்டளை ஒன்றும் ஏற்படுத்தப்பட்டது.

பாதுகாப்பு குறித்த கருத்துகள்

வரலாற்றுச் சிறப்புமிக்க படகைக் காட்சியில் வைப்பதா, கடலில் செலுத்துவதா என்னும் விவாதத்தில் இப்படகு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. காட்சியில் வைப்பதை ஆதரிப்போர், கடலில் ஓடும் படகில் பழைய உறுப்புகள் தொடர்ந்து மாற்றப்படுவதால் மூலப்பொருள் குறைந்துகொண்டே போகும் என்பர். ரங்கிரோவா விபத்தில் படகு முற்றிலும் அழிந்திருக்கவும் கூடும். மறுதரப்பினர், பயன்பாட்டிலுள்ள படகே நாள்தோறும் கவனிக்கப்படுகிறது என்றும், பழுதுபார்க்கும் கைத்திறனும் அதனால்தான் நிலைக்கிறது என்றும் கூறுவர்.

தரையும் இடர் அற்றதன்று. மும்பையில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு, 1968 - 1969 இல் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் எங்கும் தங்காமல் உலகைச் சுற்றிவந்த 'சுகைலி' படகும் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. உலர்ந்த காற்றில் அதன் பலகைகள் சுருங்கத் தொடங்கியதால், வெளியே எடுக்கப்பட்டு மீண்டும் கடலோடும் நிலைக்குப் புதுப்பிக்கப்பட்டது. ஜிப்சி மோத் 4 பிளைமவுத் திரும்புவதற்கு ஒரு வாரம் முன்பு, 2007 மே 21 இல், கிரீன்விச்சில் அதன் முன்னாள் அண்டைக் கப்பலான கட்டி சார்க் தீப்பற்றி எரிந்தது. சீரமைப்புக்காக மரப்பகுதிகள் பல முன்னரே கழற்றப்பட்டு வேறிடத்தில் இருந்ததால், கப்பலின் பெரும்பகுதி தப்பியது. சீரமைப்பு முடிந்து 2012 இல் அது மீண்டும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

எவ்வழியைத் தேர்ந்தாலும், தொடர்ந்த பராமரிப்புக்கு மாற்றில்லை. ஆண்டுதோறும் அடைப்புப் பசையைப் புதுப்பித்தல், தேங்கிய நீரை வெளியேற்றுதல், காற்றோட்டம் அளித்தல், வண்ணம் பூசுதல் ஆகிய சிறு பணிகள் தவறும்போதே பெருஞ்செலவுச் சீரமைப்பு தேவைப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

* பிரான்சிஸ் சிசெஸ்டர்
* கட்டி சார்க்
* சுகைலி
* பாய்மரப் படகு