ஃபால்மத்: வெயிலோடு ஓடப் பழகிய ஊர்

1972 செப்டம்பரில் மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானை அமெரிக்காவின் ஃபிராங்க் ஷார்ட்டர் ஜெயித்தபோது, மாசசூசெட்ஸ் மாநிலக் கடற்கரை ஊரான ஃபால்மத்தில் ‘பிரதர்ஸ் ஃபோர்’ என்ற பாரில் டாமி லெனர்ட் தொலைக்காட்சி முன் நின்றிருந்தார். அந்தப் பாரில் மது ஊற்றிக் கொடுப்பது அவர் வேலை. ஓட்டம் முடிகிறவரை அவர் யாருக்கும் ஒரு கோப்பைகூட ஊற்றவில்லை என்பது ஊர்ப்பேச்சு. ‘ஷார்ட்டர் நம்ம ஊருக்கு வந்து ஓடினால் எப்படி இருக்கும்!’ என்று அன்று அவருக்குள் விழுந்த ஆசைதான், இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆகஸ்ட் மாதத்தில் அந்தச் சின்ன ஊருக்கு இழுத்து வருகிறது.

அடுத்த ஆண்டே ஓட்டம் நடந்தது. உயர்நிலைப் பள்ளி ஓட்டப் பயிற்சியாளர் ஜான் கேரலும், ஊர் விளையாட்டுத் துறையைக் கவனித்த ரிச் ஷெர்மனும் லெனர்டுக்குத் துணை நின்றார்கள். வுட்ஸ் ஹோலில் ‘கேப்டன் கிட்’ பாரின் முன்னால் தொடங்கி, ஃபால்மத் ஹைட்ஸில் ‘பிரதர்ஸ் ஃபோர்’ வாசலில் முடிவதாகப் பாதை போட்டார்கள். பாருக்குப் பார் ஏழு மைலுக்குச் சற்று அதிகம். 1973 ஆகஸ்டில் நடந்த அந்த முதல் ஓட்டத்தில் மழையும் காற்றும் அடித்தன. முடித்தவர்கள் 92 பேர்.

1974-இல், அதிகம் பேர் அறியாத பில் ராட்ஜர்ஸ் இங்கே வந்து, ஒரு மைல் ஓட்டத்தில் கொடிகட்டிப் பறந்த மார்ட்டி லிக்கோரியை முந்தினார். எட்டு மாதம் கழித்து அவரே பாஸ்டன் மாரத்தானை வென்றார். 1975-இல் ஷார்ட்டரே வந்தார், வென்றார். லெனர்டின் ஆசை மூன்றே ஆண்டில் பலித்தது. மெய்ன் மாநிலத்திலிருந்து வந்த ஜோன் பெனாய்ட் 1976 முதல் ஆறு முறை பெண்கள் பிரிவை வென்றார். 1984-இல் பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தான் தங்கமும் அவருக்குத்தான்.

நான் பாளையங்கோட்டைக்காரி. பாஸ்டன் பக்கம் செவிலியர் வேலை. ஃபால்மத்துக்கு முதலில் ஓடுவதற்காகப் போனேன். பிறகு மருத்துவக் கூடாரத்தில் தன்னார்வலராகச் சேர்ந்துகொண்டேன். ஊருக்குப் போகும் வழியிலுள்ள போர்ன் பாலத்தை விடியும் முன்பே தாண்டிவிட வேண்டும். தாமதித்தால் கோடை விடுமுறைக் கார்களின் வரிசையில் மாட்டிக்கொள்வோம். வுட்ஸ் ஹோல் குறுகலான இடம், அங்கே கார் நிறுத்த முடியாது. ஓடுகிறவர்களை ஃபால்மத்திலிருந்து பேருந்துகளில் ஏற்றிக்கொண்டுபோய் விடுவார்கள்.

நாப்ஸ்கா கலங்கரை விளக்கத்தைச் சுற்றி ஏறி இறங்கும் முதல் மூன்று மைல் மர நிழல். அதைத் தாண்டினால் கடலோரச் சாலை: ஒரு பக்கம் மணல், தலைக்கு மேல் வானம், நிழல் என்ற பேச்சே இல்லை. வீட்டுக்காரர்கள் தோட்டக் குழாயைத் தூக்கிப் பிடித்து நம்மேல் தண்ணீர் பீய்ச்சுவார்கள். முன்பின் தெரியாதவர்கள் நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உற்சாகப்படுத்துவார்கள். கடைசியில் ஹைட்ஸ் மேடு, அதன் பிறகு இறக்கம், கடல், முடிவுக்கோடு.

நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் வளர்ந்தவர்களுக்கு அங்கே இருக்கும் 25 டிகிரி செல்சியஸ் ஒரு வெயிலா என்று தோன்றும். ஆபத்தே அந்த நினைப்பில்தான் இருக்கிறது. ஓடும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலில் முக்கால் பங்கு சூடாகவே மாறுகிறது. வியர்வை ஆவியானால்தான் அந்தச் சூடு இறங்கும். ஆகஸ்ட் கடற்காற்று ஏற்கெனவே ஈரத்தில் ஊறியிருக்கும். வியர்வை ஆவியாகாமல் உடம்பில் வழிந்து சொட்டும். மாரத்தான் ஓடுகிறவர் தூரத்துக்குப் பயந்து நிதானிப்பார். ஏழு மைலை ஒரே மூச்சில் ஓடிவிடலாம் என்று விரட்டுகிறவருக்குத்தான் உள்சூடு சரசரவென ஏறும்.

1978-இல் இந்த ஆபத்து ஊருக்கே தெரியவந்தது. இருபது வயது ஆல்பர்டோ சலசார் முன்வரிசையோடு ஓடிப் பின்தங்கி, பத்தாவதாக வந்து சரிந்தார். உடல் வெப்பம் 107 டிகிரி ஃபாரன்ஹீட். பனிக்கட்டித் தண்ணீரில் கிடத்தினார்கள். பாதிரியார் வந்து சாகும் தறுவாயில் இருப்பவருக்கான ஜெபத்தையே சொல்லிவிட்டார். சலசார் பிழைத்தார். 1981-லும் 1982-லும் அதே ஓட்டத்தை வென்றார்.

ஓட்டத்தைக் குளிர்காலத்துக்கு மாற்றிவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஃபால்மத் ஆகஸ்டை விடவில்லை. ஓடுகிறவர்களைக் காக்கும் வழியைக் கற்றுக்கொண்டது. முடிவுக்கோட்டுக்கு மிக அருகில் கூடாரம், அதற்குள் தொட்டிகள், பக்கத்திலேயே மூட்டை மூட்டையாகப் பனிக்கட்டி. தள்ளாடி வருகிறவரிடம் பெயரும் ஊரும் கேட்போம். ‘நான் இன்னும் ஓட்டத்தைத் தொடங்கவே இல்லையே’ என்று ஒருவர் என் கையை உதறியது நினைவிருக்கிறது. மூளை சூடேறியதன் அடையாளம் அந்தக் குழறல். நெற்றியிலோ காதிலோ வைக்கும் வெப்பமானியை நம்பக் கூடாது. வியர்த்த தோல் குளிர்ந்திருக்கும், உள்ளே கொதிக்கும். ஆசனவாய் வழியாக அளப்பதே சரி. என் கையை உதறியவருக்கு 106 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காட்டியது. அக்குள் இரண்டுக்கும் கீழாக ஒரு துணியைச் சுற்றி, தலை தண்ணீரில் முங்காதபடி ஒருவர் பிடித்துக்கொள்ள, மார்புவரை இறக்கினோம். உடம்பை ஒட்டிய தண்ணீர் உடனே வெதுவெதுப்பாகிவிடும் என்பதால் நான் விடாமல் கலக்கிக்கொண்டிருந்தேன். 102 டிகிரி வந்ததும் தூக்கிவிட்டோம். அதற்குள் அவர் தன் மனைவி பெயரைத் தெளிவாகச் சொன்னார்.

இங்கே விதி ஒன்றுதான்: முதலில் குளிர்விக்க வேண்டும், மருத்துவமனைக்கு அனுப்புவது அதற்குப் பிறகு. ஆம்புலன்ஸில் கழியும் அரை மணி நேரத்தில் ஈரலும் சிறுநீரகமும் வெந்துபோகலாம். தொட்டியில் நிமிடத்துக்குச் சராசரி 0.22 டிகிரி செல்சியஸ் இறங்கும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஆபத்தான கட்டம் தாண்டிவிடும். இந்தக் கணக்கு ஃபால்மத்தின் சொந்தக் கணக்கு. 18 ஓட்டங்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான கட்டுரை, அங்கே வெப்பத்தாக்கு கண்டு தண்ணீரில் குளிர்விக்கப்பட்ட 274 பேரும் உயிர் பிழைத்ததாகச் சொல்கிறது. ராட்ஜர்ஸும் ஷார்ட்டரும் பெனாய்டும் தந்த புகழைவிட இதைத்தான் நான் இந்த ஊரின் பெருமையாகக் கருதுகிறேன்.

லெனர்ட் 2019-இல் காலமானார். அவர் வேலை பார்த்த பாரும் இப்போது இல்லை. ஊர் கூடி ஓட வேண்டும் என்ற அவர் ஆசையும், ஓட வந்தவரைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்ற பொறுப்பும் அங்கே ஒன்றாகவே வளர்ந்திருக்கின்றன. தொட்டியும் பனிக்கட்டியும் பெரிய செலவில்லை. எந்தக் கடற்கரை ஊரும் வாங்கி வைக்கலாம். கோடையில் ஓட்டம் நடத்துகிறவர்கள் டி-சர்ட்டுக்கும் பதக்கத்துக்கும் சொல்லி வைப்பதற்கு முன்னால் இவற்றுக்குச் சொல்லி வைக்க வேண்டும். வெளியூர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கும்போது, மருத்துவக் கூடாரத்தில் தொட்டி இருக்கிறதா என்று நாமும் கேட்க வேண்டும்.