நம்பிப் பணம் கொடுத்தவர்கள்

2014 மார்ச் 25ஆம் திகதி, ஒக்குலஸ் என்ற இளம் நிறுவனத்தை இரண்டு பில்லியன் டொலருக்கு வாங்கப்போவதாக பேஸ்புக் அறிவித்தது. தலையில் மாட்டிக்கொண்டு மெய்நிகர் உலகுக்குள் நுழைவதற்கான கருவியொன்றை உருவாக்கிக்கொண்டிருந்த நிறுவனம் அது. சாதாரண பாவனையாளருக்கான கருவி அப்போது கடைக்கு வந்திருக்கவில்லை. அதற்கு இருபது மாதங்களுக்கு முன்னர் 9,522 பேர் இணையத்தின் வழியாக அந்த முயற்சிக்குப் பணம் கொடுத்திருந்தார்கள். இரண்டு பில்லியனில் அவர்களுக்குப் பங்கேதும் இல்லை. தொழில் வரலாறுகளில் இது ஒரு வெற்றிக் கதை. நான் இதை அந்த 9,522 பேரின் பக்கத்திலிருந்து பார்க்க விரும்புகிறேன்.

இன்னும் உருவாகாத பொருளுக்கு முன்கூட்டியே பணம் திரட்டுவது இணையம் கண்டுபிடித்த வழக்கமல்ல. அலெக்சாண்டர் போப் 1715க்கும் 1720க்கும் இடையில் ஹோமரின் இலியட்டை ஆறு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது முன்பதிவுப் பணத்தில்தான். பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் நூலில் அச்சாகின. இம்முறை தமிழுக்கும் வந்தது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க உ.வே. சாமிநாதையர் ஊரூராகக் கையொப்பம் வாங்கினார். அமெரிக்காவில் 1885இல், சுதந்திரதேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணம் போதாமல் போனபோது, ஜோசப் புலிட்சர் தம் பத்திரிகையில் வேண்டுகோள் விடுத்தார். ஐந்து மாதங்களில் ஒரு இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. பெரும்பாலானவர்கள் கொடுத்தது ஒரு டொலருக்கும் குறைவு. அவர்களுடைய பெயர்களையும் பத்திரிகை அச்சிட்டது.

இணையம் மாற்றியது தூரத்தை. 1997இல் மரிலியன் என்ற பிரித்தானிய இசைக்குழுவிடம் அமெரிக்காவுக்குச் சுற்றுப்பயணம் வரப் பணம் இல்லை. ஒருவரையொருவர் நேரில் கண்டிராத இரசிகர்கள் மின்னஞ்சலில் பேசி ஏறத்தாழ 60,000 டொலர் திரட்டிக் கொடுத்தார்கள். பாடம் கற்ற குழுவினர், 2001இல் தங்கள் அடுத்த இசைத்தட்டைப் பதிவு செய்வதற்கு முன்பே 12,000க்கும் மேற்பட்டவர்களுக்கு விற்றுவிட்டார்கள். 2009 ஏப்ரலில் நியூயோர்க்கில் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் இதையே ஒரு நிரந்தரச் சந்தையாக்கியது. குறித்த நாளுக்குள் இலக்குத் தொகை சேர்ந்தால் மட்டுமே பணம் கைமாறும். கொடுத்தவருக்குப் பரிசோ பொருளோ உண்டு. நிறுவனத்தில் பங்கு மட்டும் கிடையாது.

ஒக்குலஸைத் தொடங்கிய பால்மர் லக்கி கலிபோர்னியாவின் லோங் பீச்சைச் சேர்ந்தவர். பழைய மெய்நிகர் கருவிகளைச் சேகரிப்பதும், அவற்றைப் பிரித்துப் புதிதாகச் செய்து பார்ப்பதும் அவருடைய பித்து. தன் சோதனைகளை முப்பரிமாண ஆர்வலர்கள் கூடும் இணையத்தளமொன்றில் எழுதிவந்தார். அங்கே யாரும் முதலீட்டாளரல்ல. வில்லை எது, திரை எது, தலைசுற்றல் ஏன் வருகிறது என்று விவாதிக்கும் கூட்டம். 2012 ஏப்ரலில், பத்தொன்பது வயதில், அவர் அங்கே அறிவித்த திட்டம் மிகச் சிறியது: ஆர்வலர்கள் தாமே பூட்டிக்கொள்ளும் கருவித் தொகுதி, செலவு போக மிஞ்சுவது பீட்சாவுக்கும் பியருக்குமான பத்து டொலர்.

டூம், குவேக் விளையாட்டுகளை எழுதிய ஜோன் கார்மக்கும் அதே தளத்துக்கு வருபவர். அவர் கேட்டபோது லக்கி தன் மாதிரியை அனுப்பிவைத்தார். அந்த ஜூனில் லொஸ் ஏஞ்சல்ஸில் நடந்த விளையாட்டுக் கண்காட்சியில் கார்மக் அதைப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டினார். ஓகஸ்ட் 1ஆம் திகதி கிக்ஸ்டார்ட்டரில் 250,000 டொலர் கேட்டார்கள். அது ஒரே நாளில் சேர்ந்தது. மாத முடிவில் கணக்கு 2,437,429 டொலர்.

இந்தப் பணத்துக்கு இரண்டு பெறுமதிகள் இருந்தன. ஒன்று, கருவி செய்யும் செலவு. மற்றது, சாட்சி. முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோர் முந்நூறு டொலர் வரை கொடுத்துக் காத்திருக்கிறார்கள் என்பதைவிடச் சிறந்த சந்தை ஆய்வு எந்த முதலீட்டாளருக்கு வேண்டும்? 2013 ஜூனில் 16 மில்லியன் டொலரும், டிசம்பரில் 75 மில்லியன் டொலரும் துணிகர மூலதன நிறுவனங்களிடமிருந்து வந்தன. ஆர்வலர்கள் கொடுத்தது முன்பணம். இவர்கள் வாங்கியது பங்கு.

ஆர்வலர்களுக்கும் பங்கு கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். சட்டம் விடவில்லை. 1929இன் பங்குச்சந்தை வீழ்ச்சிக்குப் பின் வந்த 1933ஆம் ஆண்டுச் சட்டம், பெருஞ்செலவில் பதிவு செய்யாத நிறுவனம் பொதுமக்களிடம் பகிரங்கமாகப் பங்கு விற்பதைத் தடுத்திருந்தது. ஏமாற்றுக்காரர்களிடமிருந்து ஏழைகளைக் காப்பதே நோக்கம். அந்தத் தடையைத் தளர்த்தும் சட்டத்தில் ஒபாமா கையெழுத்திட்டது 2012 ஏப்ரல் 5இல். சிறு முதலீட்டாளருக்கான பகுதி நடைமுறைக்கு வந்ததோ 2016 மே மாதத்தில். ஒக்குலஸின் முழுக் கதையும் இந்த நான்கு ஆண்டு இடைவெளிக்குள் நடந்து முடிந்தது. நட்டத்திலிருந்து காத்த வேலி இலாபத்தையும் மறித்தது.

நட்டம் வெறும் கற்பனையல்ல. அதே 2012இல், வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் படித்த எரிக் மிஜிகோவ்ஸ்கி, தன் பெபிள் கைக்கடிகாரத்துக்கு 68,929 பேரிடம் பத்து மில்லியன் டொலருக்கு மேல் திரட்டினார். கடிகாரங்கள் வந்து சேர்ந்தன. ஆனால் நிறுவனம் 2016 டிசம்பரில் மூடப்பட்டது. அதில் பங்கு வைத்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

பேஸ்புக் அறிவிப்பு வந்ததும் ஒக்குலஸ் ஆதரவாளர்கள் கொதித்தார்கள். 10,000 டொலர் கொடுத்திருந்த மைன்கிராஃப்ட் படைப்பாளி மார்கஸ் பெர்சன், பேஸ்புக்குக்கு விற்பதற்காக நான் பணம் கொடுக்கவில்லை என்ற பொருளில் எழுதினார். அவர்களில் எவருக்கும் பங்கு தருவதாக ஒக்குலஸ் வாக்களித்ததில்லை. சொன்ன கருவியையும் அனுப்பியிருந்தது. கோபம் கணக்கைப் பற்றியதல்ல என்றே எனக்குப் படுகிறது. நம்முடையது என்று நினைத்து வளர்த்த ஒன்றை, நம்மைக் கேளாமலே ஒருவர் விற்க முடிந்தது. அதுவே வலித்தது.

2016 ஜனவரியில் ஒக்குலஸ் ஒரு சமாதானம் செய்தது. கிக்ஸ்டார்ட்டரில் கருவிக்குப் பணம் கட்டியவர்களுக்கு, 599 டொலர் விலையுள்ள புதிய கருவியை இலவசமாக அனுப்புவதாகச் சொன்னது. நல்ல பரிசுதான். ஆனாலும் பரிசு என்பது கொடுப்பவர் மனம்வைத்தால் வருவது. பங்கு என்பது கேட்டுப் பெறும் உரிமை. போப்பின் கையொப்பக்காரர்களுக்குப் புத்தகம் கிடைத்தது. அத்தோடு கணக்கு முடிந்தது. 2012இன் கையொப்பக்காரர்களுக்கும் பொருள் கிடைத்தது. ஆனால் அவர்களுடைய பெயர்ப்பட்டியலும் ஒரு சொத்தாகி, அவர்களைத் தாண்டி விலைபோனது. முன்னூறு ஆண்டுப் பழைய வழக்கத்தில் புதிதாகச் சேர்ந்தது இதுதான்.