மரப்பாத்திரப் பூச்சு

சமையலுக்கு உபயோகமாகும் மத்து, மரவை, கரண்டி முதலியவற்றின்மேல் நீரும் புளிப்பும் ஊறாதவாறு தடவப்படும் எண்ணெய் அல்லது மெழுகு. பச்சைமலையை அடுத்த பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரில் வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில் தெய்வ உருவங்களைச் செதுக்கும் கலை, 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பெருமையுடையது. ஆயினும் பூஜைக்குரிய சிற்பத்துக்குப் பொருந்தும் வார்னிஷ், கொதிக்கும் குழம்பில் மூழ்கும் கரண்டிக்குப் பொருந்துமென்று கொள்வது பெரும்பிழையாகும்.

நம் இல்லங்களில் கைக்கு எட்டும் தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ மரத்தினுள் கெட்டியான படலமாக இறுகும் சுபாவமற்றதாதலின், நாளடைவில் சிக்கு வாடை வீசும். ஆளிவிதை எண்ணெயோ, காற்றிலுள்ள பிராணவாயுவைக் கிரகித்து, வாரக்கணக்கில் மெல்ல உறைந்து, மரத்தோடு ஒன்றிவிடுவதால் மிகச் சிறந்தது. ஆனால் அது கலப்பற்றதாக இருத்தல் அவசியம், ஏனெனில் கடைகளில் ‘காய்ச்சியது’ என விற்கப்படுவதில் விரைந்து உலர்வதற்காகக் கோபால்ட், மாங்கனீஸ் போன்ற உலோக உப்புகள் சேர்ந்திருக்கக்கூடும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தால் தாமே சூடேறித் தீப்பற்றும் அபாயமுண்டாகையால், விரித்து உலர்த்துதல் வேண்டும்.

தேன்மெழுகு தூயதே; எனினும் ஏறத்தாழ 63 பாகை செல்சியஸில் உருகுவதால் பழத்தட்டுக்கு ஏற்றது, குழம்புக் கரண்டிக்கு ஏலாது. உணவுத்தர மினரல் எண்ணெய் கெடாது, இறுகவும் செய்யாது. ஆகவே அடிக்கடி தடவவேண்டும்.