கவறு விதித்த தண்டனை



எங்கள் ஊரிலே கலியாண வீட்டு இரவுகளில் பெரியவர்கள் முந்நூற்றிநாலு ஆடுவார்கள். காசு வைத்து ஆடுவதில்லை. தோற்ற பக்கம், சபை சொன்னதைச் செய்ய வேண்டும். ஓரிரவு, பள்ளிக்கூடத்தில் எங்களையெல்லாம் நடுங்க வைத்த என் பெரியப்பா தோற்றுப்போய், முற்றத்தில் நின்று சேவலைப் போல மூன்று தரம் கூவினார். திங்கட்கிழமை பிரம்போடு அவர் வகுப்புக்கு வந்தபோது எனக்குப் பழைய பயம் வரவில்லை. அது அவருக்கும் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

தோற்றவரைப் பாட வைப்பது, ஆட வைப்பது, முகத்திலே கரி பூசுவது போன்ற சின்னத் தண்டனைகள் பல நாடுகளிலும் உள்ளவைதாம். போர்களையும் வரிகளையும் எழுதிய கைகளுக்கு இவை அற்பமாகத் தோன்றியிருக்கும் போலும். வரலாற்று நூல்களில் இவற்றுக்கு இடம் குறைவு. ஆனாலும் சீனத்திலும் கொரியாவிலும் இவற்றின் தடத்தைப் பிடித்துக்கொண்டு சிறிது தூரம் நடக்கலாம். அங்கே தண்டனை கவிதையிலிருந்து தொடங்குகிறது என்பது நம் போன்றவர்களுக்கு மேலதிகச் சுவை.

கி.பி. 296இல் ஷி சொங் என்ற பெருஞ்செல்வர், லோயாங் நகருக்கு அருகிலிருந்த தமது 'பொன் பள்ளத்தாக்கு'த் தோட்டத்தில் முப்பது பேருக்கு விருந்து வைத்தார். ஒவ்வொருவரும் ஒரு கவிதை இயற்ற வேண்டும்; இயலாதவர் மூன்று அளவை மது அருந்த வேண்டும். அந்த விதி பிற்காலச் சீனக் கவிஞர்களிடையே ஒரு மரபாகவே நிலைத்துவிட்டது. ஆனால் இதே ஷி சொங்கைப் பற்றி ஐந்தாம் நூற்றாண்டுத் தொகை நூலொன்று வேறொரு கதையும் சொல்கிறது. மது பரிமாறும் பெண் கொடுத்த கிண்ணத்தை விருந்தினர் முழுதும் குடிக்காவிட்டால், அந்தப் பெண்ணின் தலையை வெட்டச் செய்வாராம். வாங் தாவ் என்பவர் குடித்துப் பழக்கமில்லாதவராயிருந்தும் அப்பெண்களுக்காகக் குடித்துக் குடித்து மயங்கினார். அவருடைய உறவினர் வாங் துன் வேண்டுமென்றே மறுத்து, மூன்று பெண்கள் மாண்ட பின்னரும் முகம் மாறாமல் இருந்தார் என்பது அக்கதை. அது அப்படியே நடந்ததென்று நான் சாதிக்க வரவில்லை. தவறு ஒருவருடையது, தண்டனை இன்னொருவருக்கு. விதித்தவரையோ எதுவும் தொடாது. இதற்கு விளையாட்டு என்று பெயரிட எனக்கு மனமில்லை.

அதே வாங் குடும்பத்தின் அடுத்த தலைமுறையைச் சேர்ந்தவர்தான் சீன எழுத்துக்கலையின் பிதாமகராகப் போற்றப்படும் வாங் ஷிச்சி. கி.பி. 353ஆம் ஆண்டு, மூன்றாம் மாதம் மூன்றாம் நாள், இன்றைய ஷாவ்ஷிங் நகரை அண்டிய ஓர்க்கிட் மண்டபத்தில் அவர் 42 பேரைக் கூட்டினார். வளைந்து நெளிந்து ஓடும் ஓடையின் இரு கரைகளிலும் விருந்தினர் அமர, மதுக் கிண்ணங்கள் நீரிலே மிதந்து வந்தன. கிண்ணம் எவர் முன்னே நிற்கிறதோ அவர் கவி பாட வேண்டும். 26 பேர் பாடினர். கிடைத்த கவிதைகள் 37. மீதிப் பதினாறு பேர் ஆளுக்கு மூன்று கிண்ணம் குடித்துத் தண்டம் கட்டினர்.

அந்தப் பதினாறு பேரில் ஒருவன் வாங் ஷியன்ச்சி. விருந்தளித்தவரின் கடைசி மகன். ஒன்பது, பத்து வயதுச் சிறுவன். வீட்டுக்காரரின் பிள்ளை என்பதற்காகப் பட்டியலிலிருந்து அவன் பெயர் நீக்கப்படவில்லை. பிற்காலத்தில் அவன் தந்தையோடு சேர்த்து 'இரு வாங்' என்று போற்றப்படும் கலைஞனானான். அன்று பாடப்பட்ட 37 கவிதைகளை இன்று ஆய்வாளர்களே அதிகம் தேடுகிறார்கள். அத்தொகுப்புக்குத் தந்தை எழுதிய முன்னுரையோ, வசந்தத்தின் மகிழ்ச்சியில் தொடங்கி மரணத்தை எண்ணுவதில் முடியும் அந்தச் சிறு உரைநடை, சீன எழுத்துக்கலையின் சிகரமாகி விட்டது. அதன் மூலப்பிரதி 649இல் இறந்த தாங் பேரரசர் தைசொங்கின் கல்லறைக்குள் போய்விட்டது என்பார்கள். எஞ்சியவை பிரதிகளே.

கிண்ணம் மிதக்கும் விளையாட்டு கடல் கடந்து சென்றது. கொரியாவின் தென்கிழக்கே, சில்லா இராச்சியத்தின் தலைநகராயிருந்த கியோங்ஜுவில், வளைந்த கல் வாய்க்கால் ஒன்று போசொக்ஜொங் என்ற இடத்தில் இன்றும் உண்டு. அதே நகரில் 674இல் மன்னர் முன்மு வெட்டுவித்த அரண்மனைக் குளமும் உண்டு. அக்குளத்தின் சேற்றை 1975இல் அகழ்ந்தபோது அகப்பட்டது ஒரு மரக் கவறு.

உயரம் ஐந்து சென்ரிமீற்றருக்கும் குறைவு, முகங்கள் பதினான்கு. ஆறு சதுரங்கள், எட்டு அறுகோணங்கள். சதுரத்தின் பரப்பும் அறுகோணத்தின் பரப்பும் ஏறத்தாழச் சமமாகும்படி செதுக்கியிருக்கிறார்கள். எந்த முகத்துக்கும் சலுகையில்லை. அந்த முகங்களில் எண்கள் இல்லை. சீன எழுத்தில் தண்டனைகளே பொறிக்கப்பட்டிருந்தன. ஓசையின்றி ஆடு. மூன்று கிண்ணத்தை ஒரே மூச்சில் குடி. குடித்து முடித்து உரக்கச் சிரி. தானே பாடித் தானே குடி. முகத்தைச் சீண்டினாலும் அசையாதிரு. பலரும் சேர்ந்து மூக்கில் அடிக்கட்டும். இவற்றோடு, ஒரு கவிதை சொல் என்ற முகமும் இருக்கிறது. ஓடைக்கரையில் கவிதை வராதவருக்குத் தண்டனை. குளக்கரையில் கவிதையே தண்டனை! கவியரங்குகளில் நீண்ட நேரம் அமர்ந்திருந்த அனுபவமுள்ளவர்கள் இரண்டாவதன் நியாயத்தை உடனே ஒப்புக்கொள்வார்கள்.

சில்லாவின் சமூக அமைப்பை நினைத்துக்கொண்டு இந்த முகங்களைப் படிக்க வேண்டும். 'எலும்புத் தரம்' என்ற பெயரில் பிறப்பே அங்கு அனைத்தையும் வகுத்தது. எந்தத் துணி உடுக்கலாம், வீடு எவ்வளவு பெரிதாயிருக்கலாம் என்பது வரை சட்டம் இருந்தது. அப்படிப்பட்ட அரண்மனையில், உயர்குடிப் பிரபு ஒருவரின் மூக்கில் அடி என்று எந்த மனிதர் துணிந்து சொல்வார்? கவறு சொல்லலாம். அதற்குக் குலமில்லை, நாளைக்குப் பழிவாங்கப்படுவோம் என்ற அச்சமுமில்லை. இது என் ஊகந்தான். ஆனால் அந்தப் பரப்பளவுகளை அத்தனை கவனமாகச் சமப்படுத்திய தச்சருக்கு இதில் ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

அக்குளத்தின் கரை சிரிப்பை மட்டும் கண்டதல்ல. 927இல் பகையரசர் கியொன் ஹ்வொன் தலைநகருக்குள் புகுந்தபோது, மன்னர் போசொக்ஜொங்கில் விருந்தில் இருந்தார் என்று பழைய வரலாறு கூறும். அவருக்குப் பின் அரியணை ஏறிய கியொங்சுன், 931இல் கொரியோ மன்னர் வாங் கொனைக் குளக்கரை மண்டபத்துக்கு அழைத்து விருந்தளித்தார். மது ஏறியதும் தம் நாடு பட்ட பாட்டைச் சொல்லி அழத் தொடங்கினார். சபையும் அழுதது, விருந்தாளியும் கண்ணீர் வடித்தார். நான்காண்டு கழித்து, 935இல், சில்லா அந்த விருந்தாளியிடமே சரணடைந்தது.

ஆயிரம் ஆண்டுக்கு மேல் சேறு காத்துவைத்த அந்தக் கவறு இன்று இல்லை. ஈரத்தைப் போக்குவதற்காக மின் உலர்த்தியில் வைத்தபோது, கருவி பழுதுபட்டு எரிந்து சாம்பலாகிவிட்டது. அதற்கு முன்பே அளவும் எழுத்தும் குறித்து வைத்திருந்ததால் மாதிரிகள் செய்ய முடிந்தது. வாங் ஷிச்சியின் முன்னுரையைப் போலவே இதற்கும் எஞ்சியது பிரதிதான்.

அந்த மாதிரியை இன்றும் உருட்டலாம். ஓசையின்றி ஆடலாம், உரக்கச் சிரிக்கலாம், மூக்கையும் நீட்டலாம். ஆனால் அதன் ஒரு முகம், 'நிலாக் கண்ணாடி' என்று பொருள்படும் பெயருள்ள பாட்டொன்றைப் பாடச் சொல்கிறது. அந்தப் பாட்டின் சொற்களும் மெட்டும் அழிந்து போய்விட்டன. அந்த முகம் மேலே வந்தால், தோற்றவர் சும்மாதான் நிற்க வேண்டும்.