சிவப்பு எண்ணெயும் திமிங்கிலமும்

புதுச்சேரியில் இந்திரா காந்தி சதுக்கத்தைத் தாண்டி விழுப்புரம் சாலையில் மேற்கே சென்றால் ரெட்டியார்பாளையம் வரும். அங்கே சாலையோரப் பட்டறை எதிலாவது ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார் நின்றிருந்தால், அதன் அடியில் தரையைக் கவனியுங்கள். ஓடிய இஞ்சின் எண்ணெய் கறுப்பாகச் சொட்டும். கியர்ப்பெட்டி எண்ணெய் பெரும்பாலும் செந்நிறமாகச் சொட்டும். கசிவு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தவுடன் தெரியவேண்டும் என்றே அதில் சாயம் கலக்கிறார்கள். அந்த எண்ணெய்க்கு உள்ள வேலைகள் பல. அவற்றுள் ஒன்றை நெடுங்காலம் செய்து கொடுத்தது திமிங்கிலத்தின் எண்ணெய் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

கிளட்ச் மிதி இல்லாமல் தானே கியர் மாற்றிக்கொள்ளும் 'ஹைட்ராமாட்டிக்' என்னும் பெட்டியை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1939-இல் அறிமுகப்படுத்தியது. 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் அது விற்பனைக்கு வந்தது. இஞ்சினின் விசையைப் பெட்டிக்குள் கொண்டு சேர்ப்பது அதிலுள்ள எண்ணெய்தான். அழுத்தத்தால் பிஸ்டன்களைத் தள்ளி கியரை மாற்றுவதும், பற்சக்கரங்கள் தேயாமல் காப்பதும், சூட்டை வெளியே எடுத்துச் செல்வதும் அதே எண்ணெய்தான்.

இவற்றைவிடக் கடினமான வேலை ஒன்று உண்டு. சாதாரணக் காரின் கிளட்ச் தட்டில் எண்ணெய் பட்டால் அது வழுக்கிக் கெட்டுப்போகும். ஆட்டோமேட்டிக் பெட்டியிலோ கிளட்ச் தட்டுகள் எண்ணெயிலேயே ஊறிக் கிடக்கின்றன. கியர் மாறும் அரை நொடியில் அவை முதலில் மெல்ல வழுக்க வேண்டும்; பிறகு கெட்டியாகப் பிடிக்க வேண்டும். வயலின் வில்லில் பிசின்கட்டி தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். வில் தந்தியைப் பிடித்து இழுக்கிறது, விடுகிறது, மீண்டும் பிடிக்கிறது. இந்தப் பிடிப்பும் விடுப்பும்தான் இசையாகிறது. கிளட்ச் தட்டுகளில் இதே நிகழ்ந்தால் கார் உதறும். வழுக்கும் வேகம் குறையக் குறைய உராய்வு திடீரென ஏறாமல் பார்த்துக்கொள்ளும் பொருள் ஒன்று எண்ணெயில் இருந்தாக வேண்டும்.

அந்தப் பொருளாகத்தான் எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெய் பயன்பட்டது. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் கிளிசரினோடு மூன்று கொழுப்பமிலங்கள் சேர்ந்த பொருள்கள். திமிங்கில எண்ணெயில் பெரும்பகுதி, நீண்ட ஆல்கஹால் ஒன்றும் நீண்ட கொழுப்பமிலம் ஒன்றும் இணைந்த திரவ மெழுகு. இத்தகைய நீள மூலக்கூறுகள் உலோகப் பரப்பில் ஒட்டி, நெருக்கமாக நட்ட நாற்றுப்போல் நின்று, மெல்லிய படலமாகின்றன. சூட்டையும் நன்றாகத் தாங்குகின்றன. ஜெனரல் மோட்டார்ஸ் 1949-இல் வகுத்த 'டைப் ஏ' தரத்திலும், 1967-இல் வந்த 'டெக்ஸ்ரான்' தரத்திலும் திமிங்கில எண்ணெய்க்கு இடம் இருந்தது.

1970-இல் அமெரிக்க அரசு எண்ணெய்த் திமிங்கிலத்தை அழிவை நோக்கும் உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. அதன் எண்ணெய் சந்தையிலிருந்து மறைந்தது. வேதியியலார் மாற்றுப் பொருள்களைத் தயாரித்து, 1973-ஐ ஒட்டி 'டெக்ஸ்ரான் 2' என்ற தரத்தைக் கொண்டுவந்தார்கள். அதன் முதல் வடிவம் உராய்வைச் சமாளித்தது. ஆனால் எண்ணெயைக் குளிர்விக்கும் கருவியின் பற்றவைப்புகளை அரித்தது! அரிப்பைத் தடுக்கும் சேர்மங்களைச் சேர்த்து மறுபடி திருத்த வேண்டியதாயிற்று. ஒரு விலங்கு எத்தனை காரியங்களை ஓசையின்றிச் செய்து வந்தது என்பது அதை இழந்தபின்தான் தெரிந்தது.

ஏறத்தாழ அதே அமைப்புள்ள மெழுகைத் தன் விதையில் வைத்திருக்கும் ஹோஹோபா என்னும் பாலைவனச் செடியின் மீதும் அப்போது கவனம் திரும்பியது. அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1933-லேயே இந்த ஒற்றுமையைக் கண்டிருந்தனர். நம் நாட்டில் ஜோத்பூரிலுள்ள மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிலையம் 1960-களில் அச்செடியை வளர்த்துப் பார்த்தது. இன்று அதன் எண்ணெய் பெரும்பாலும் அழகுசாதனங்களுக்கே போகிறது.

இந்த வரலாறு பழைய கார் வைத்திருப்பவருக்கு எதற்கு? ஒரே சிவப்பு நிறத்தில் நேர்மாறான குணமுள்ள எண்ணெய்கள் இருந்தன என்பதற்காக. டெக்ஸ்ரான் மெல்ல வழுக்கிப் பிடிக்கும். ஃபோர்டு நிறுவனத்தின் 'டைப் எஃப்' எண்ணெயில் வழுக்கவைக்கும் பொருளே கிடையாது. அது வெடுக்கென்று பிடிக்கும். ஒன்றுக்காக வடிவமைத்த பெட்டியில் மற்றொன்றை ஊற்றினால் தட்டுகள் உதறும், அல்லது வழுக்கி எரியும். ஆகவே நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். கையேட்டிலோ அளவுக்கோலிலோ அச்சிட்டுள்ள தரத்தின் பெயரைப் பார்த்து வாங்குங்கள்.

அளவைச் சரிபார்க்கக் காரைச் சமதரையில் நிறுத்துங்கள். பல பழைய கார்களில் எண்ணெய் சூடேறிய பிறகு, பிரேக்கை மிதித்தபடி எல்லா நிலைகளுக்கும் கியரை நகர்த்தி, 'பார்க்' நிலைக்கு வந்து, இஞ்சின் ஓடும்போதே கோலை உருவிப் பார்க்க வேண்டும். ஹோண்டா கார்களில் இஞ்சினை நிறுத்தியவுடன் பார்க்க வேண்டும். அதிகம் ஊற்றுவதும் கெடுதலே. சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையில் அழுத்தம் நிற்காது. எண்ணெய் கருத்துக் கருகிய வாடை அடித்தால் தட்டுகள் எரிந்திருக்கலாம். ரோஸ் பால்போல் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. 2024 நவம்பர் 30 பெஞ்சல் புயலன்று புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் மூழ்கிய காரை, இந்த எண்ணெயைப் பார்க்காமல் இயக்கவே கூடாது. தட்டுகளின் மேலுள்ள காகித உறையைப் பிடித்து வைத்திருக்கும் பசையை நீர் இளக்கிவிடும்.

எண்ணெய் மாற்றும்போது அடித்தட்டைக் கழற்றினால் உள்ளே காந்தம் ஒன்று இருக்கும். அதில் சாம்பல் நிறக் குழம்பு படிந்திருப்பது இயல்பு. உலோகச் சில்லுகள் இருந்தால் பெட்டியைப் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும். வடிகட்டியைத் துடைக்கப் பழந்துணி வேண்டாம், அதன் நூலிழை வால்வுக்குள் சிக்கிக்கொள்ளும். பெட்டியிலுள்ள எண்ணெய் முழுவதும் ஒரே தடவையில் வடியாது. பெரும்பங்கு டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். வடிந்ததை ஒரு வாளியில் பிடித்து அளந்து, முதலில் அதே அளவு ஊற்றி, சிறிது தூரம் ஓட்டிவந்து, கோலை மறுபடி உருவிப் பாருங்கள்.