பூனைக்கு ஒரு யூனிட்: வீட்டு இன்சுலினின் சென்னை வரலாறு

சர்க்கரை நோய் வந்த பூனைக்கு நாளுக்கு இரண்டு வேளை, பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், தோலுக்கடியில் இன்சுலின் போட வேண்டும். மாதக்கணக்கில், சில பூனைகளுக்கு ஆயுள் முழுக்க, வீட்டார் கையாலேயே நடக்க வேண்டிய சிகிச்சை இது. சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லியைத் தாண்டி இருக்கும் திருமழிசையில் இதைக் கற்றுக்கொள்பவர் கையில் எடுக்கும் மருந்து, சிரிஞ்சு, சர்க்கரை பார்க்கும் மீட்டர் எல்லாம் பெரும்பாலும் மனிதருக்காகச் செய்யப்பட்டவை. அளவு சொல்லிக்கொடுக்கும் மருத்துவமோ மாட்டையும் குதிரையையும் முன்னே வைத்துத் தொடங்கியது. இரண்டும் ஒரு வீட்டுக் கூடத்தில் வந்து சேர நூறாண்டு பிடித்தது.

திருமழிசை ஆழ்வார் பிறந்த ஊர் என்றுதான் இவ்வூருக்குப் பெயர். ஜகந்நாதப் பெருமாள் கோயிலும் ஒத்தாண்டீஸ்வரர் கோயிலும் வயல்வெளியுமாக இருந்த காலத்தில் பூனைக்கு இங்கே இருந்த ஒரே வேலை எலி பிடிப்பது. மாட்டுக்கு நோய் வந்தால் வைத்தியரைத் தேடினார்கள். பூனைக்கு யாரும் தேடவில்லை. பிறகு சிட்கோ தொழிற்பேட்டை வந்தது, நெடுஞ்சாலை அகன்றது, வயல்கள் மனைகளாயின. எலிக்காக வளர்ந்த பூனை பாசத்துக்காக வளர்க்கப்படும் பூனையாயிற்று. அது வாசல் தாண்டுவதில்லை, கருத்தடை செய்யப்பட்டது, மிஞ்சிய சோறும் கருவாடும் போய், மாவுச்சத்து கூடிய உலர் தீனி எப்போதும் கிண்ணத்தில் கிடக்கிறது. வயதான, பருத்த, கருத்தடை செய்த ஆண் பூனைக்கே இந்நோய் அதிகம் வருகிறது என்பது உலகெங்கும் கால்நடை மருத்துவர்கள் கண்டது. மனிதருக்கு நடுவயதில் வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு இது மிக நெருக்கம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திட்டுகளில் அமிலாய்டு என்ற புரதம் படிவதிலும் பூனை மனிதரையே ஒத்திருக்கிறது. ஒவ்வாமைக்கும் வாய்ப்புண்ணுக்கும் போடப்படும் ஸ்டீராய்டு ஊசிகளும் சில பூனைகளை இந்நோயில் தள்ளுகின்றன.

மருந்தின் வரலாறு விலங்குகளிடமிருந்தே தொடங்குகிறது. 1889இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றினார்கள். அந்த நாய்க்குச் சர்க்கரை நோய் வந்தது. 1921இல் டொரன்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் மேக்லியோடின் ஆய்வகத்தில் நாய்களை வைத்தே கணையச் சாற்றைச் சோதித்தார்கள். காலிப் அதைச் சுத்திகரித்த பிறகு, 1922 ஜனவரியில் லியனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது பலித்தது. அதன்பின் அறுபது ஆண்டு உலகம் முழுக்க மனிதர் போட்டுக்கொண்ட இன்சுலின் இறைச்சிக்கூடங்களில் சேகரித்த மாட்டுக் கணையத்திலிருந்தும் பன்றிக் கணையத்திலிருந்தும் வந்தது. பூனையின் இன்சுலினுக்கும் மாட்டினுடையதற்கும் ஒரே ஓர் அமினோ அமிலம்தான் வேறுபாடு. மனித இன்சுலினோடு ஒப்பிட்டால் நான்கு. ஆக, மனிதருக்காக விற்ற மாட்டு இன்சுலின் மனிதரைவிடப் பூனைக்கே பொருத்தமாக இருந்தது. 1982இல் பாக்டீரியாவில் வளர்த்த மனித இன்சுலின் விற்பனைக்கு வந்து, மாட்டு இன்சுலின் மெல்ல மறைந்தபோது, மனித மருத்துவத்துக்கு அது முன்னேற்றம். பூனைகளைப் பார்த்த மருத்துவர்களுக்கோ கைப்பழக்கமான மருந்து ஒன்று போயிற்று.

இன்சுலினை வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்ளத்தான் வேண்டும் என்ற எண்ணத்தை 1920களில் வேரூன்றச் செய்தவர்களில் முதன்மையானவர் பாஸ்டன் மருத்துவர் எலியட் ஜாஸ்லின். நோயாளிக்குப் பாடம் நடத்துவதையே சிகிச்சையின் பாதியாக அவர் வைத்தார். செவிலியரை வீடுகளுக்கே அனுப்பினார். சென்னையில் அந்த வேலையைத் தொடங்கி வைத்தவர் மருத்துவர் எம். விசுவநாதன். 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கென்றே தனிப் பிரிவு திறந்தார். 1954இல் ராயபுரத்தில் தனி மருத்துவமனையும் தொடங்கினார். அந்தத் தலைமுறை வீடுகளில் கண்ணாடி சிரிஞ்சையும் தடித்த ஊசியையும் கொதிநீரில் போட்டு எடுத்தார்கள். முனை மழுங்கினால் ஊசியைத் தீட்டிக்கொண்டார்கள். ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் வழி வீட்டில் இல்லை. பெனடிக்ட் கரைசலில் சிறுநீர் விட்டுக் காய்ச்சி, நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறமாவதைப் பார்த்து அளவை ஊகித்தார்கள். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் மருந்துப் புட்டி மண்பானைக்குள் இருந்தது. ஈரமான பானை ஆவியாதலால் குளிர்வதை நம்பிய இந்த வழக்கத்தைப் பின்னாளில் ஆய்வாளர்கள் அளந்து பார்த்து, வெயில் காலத்திலும் மருந்தை ஓரளவு காக்கிறது என்றே சொல்லியிருக்கிறார்கள். சித்திரை வெயிலில் மின்சாரம் போனால் என்ன செய்வது என்று இன்று பூனை வளர்ப்பவர் கேட்கும் கேள்விக்கு இந்த ஊரில் பழைய பதில் ஒன்று இருக்கிறது.

அந்தத் தலைமுறை விட்டுச் சென்ற இன்னொரு சொத்து அவ்வளவு நல்லதல்ல. இன்சுலினை யூனிட்டில் அளப்பார்கள்; ஒரு மில்லிலிட்டரில் எத்தனை யூனிட் என்பதே அதன் வீரியம். தொடக்கத்தில் பல வீரியங்கள் புழங்கின. பிறகு 40, 80 என்று நிலைத்தன. குழப்பத்தைத் தீர்க்க அமெரிக்கா 1970களிலும் பிரிட்டன் 1983இலும் 100க்கு மாறின. இந்தியா மாறவில்லை. இங்கே சாதாரண இன்சுலின் புட்டி இன்றும் 40 யூனிட் வீரியத்திலேயே வருகிறது, அதற்கேற்ற சிரிஞ்சில் சிவப்பு மூடி. பேனாவில் போடும் காட்ரிட்ஜும் நீண்ட நேரம் வேலை செய்யும் புதிய இன்சுலின்களும் பெரும்பாலும் 100 யூனிட் வீரியம். அவற்றுக்குரிய சிரிஞ்சில் ஆரஞ்சு மூடி. இரண்டும் ஒரே மருந்துக்கடையில், ஒரே அலமாரியில் இருக்கின்றன.

மனிதரிடம் இந்தக் கலப்பு தொந்தரவு. பூனையிடம் உயிருக்கே ஆபத்து. சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு யூனிட் கோடு 0.025 மி.லி.; ஆரஞ்சு மூடியில் ஒரு யூனிட் என்பது 0.01 மி.லி. நூறு வீரிய மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு கோடு இழுத்தால் உள்ளே போவது ஒரு யூனிட் அல்ல, இரண்டரை. எழுபது கிலோ ஆள் இருபது யூனிட் போடும் இடத்தில், நாலு கிலோப் பூனைக்குத் தொடக்க அளவு பெரும்பாலும் ஒரே யூனிட். கிலோவுக்குக் கால் முதல் அரை யூனிட் என்பதே மருத்துவர்கள் வைக்கும் கணக்கு. இவ்வளவு சிறிய அளவில் இரண்டரை மடங்கு என்பது இரவோடிரவாக வலிப்பில் முடியலாம். தலைகீழாக நடந்தால், அதாவது நாற்பது வீரிய மருந்தை ஆரஞ்சு மூடியில் இழுத்தால், கிடைப்பது பாதிக்கும் குறைவு. பூனை சாகாது, குணமும் தெரியாது. மருந்து பலிக்கவில்லை என்று அளவைக் கூட்டிவிடுவார்கள். வெளிநாடுகளில் நாய்க்கும் பூனைக்குமென்று தனியே விற்கும் இன்சுலின்கள் 40 வீரியமாகவே இருப்பதால், அங்கே எழுதிய அறிவுரையை இங்கே அப்படியே கைக்கொள்வதிலும் இதே குழி இருக்கிறது. புட்டியில் இருக்கும் எண்ணும் சிரிஞ்சில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்ப்பதே முதல் பாடம் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

பூனை எந்த மருத்துவரிடம் போயிற்று என்பது கதையின் மறுபாதி. திருமழிசையிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே கிழக்கே போனால், நகருக்குள் பெரியார் ஈ.வெ.ரா. சாலை என்ற பெயரோடு அது வேப்பேரியை ஒட்டிச் செல்கிறது. அங்கே 1903 அக்டோபர் 1 அன்று ‘டாபின் ஹால்’ என்ற சிறு கட்டடத்தில் 20 மாணவரோடு தொடங்கியது சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி. படையின் குதிரையும் உழவரின் மாடும் அன்றைய அரசுக்குக் கவலை. மாட்டாஸ்பத்திரி என்று ஊரார் அழைத்தது பொருத்தமே. நாய் பிறகு வந்தது, பூனை கடைசியாக வந்தது. 1989இல் இக்கல்லூரியை உள்ளடக்கித் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானது. இன்று புறநகரில் தனியார் செல்லப்பிராணி மருத்துவர்கள் பெருகிவிட்டார்கள். ஆனாலும் சிக்கலான நோய்க்கு வேப்பேரிக்குப் போகிற வழக்கம் மாறவில்லை.

பூனை ஆஸ்பத்திரிக்கு வந்துதான் நோயைக் காட்ட வேண்டும் என்பதிலேயே ஒரு முரண் இருக்கிறது. கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் வரிசையில் காத்திருக்க வைத்தால், நோயே இல்லாத பூனைக்கும் பயத்தில் ரத்தச் சர்க்கரை ஏறிவிடும். அதனால் ஒரே ஒரு அளவை வைத்து நோயை உறுதிசெய்ய மாட்டார்கள். நிறையத் தண்ணீர் குடிப்பது, நிறையச் சிறுநீர் கழிப்பது, தின்றும் இளைப்பது, முற்றிய நிலையில் பின்னங்கால் குதிகாலைத் தரையில் பதித்து நடப்பது ஆகிய குறிகளோடு, சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா, சில வாரச் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமின் எவ்வளவு என்றும் பார்க்கிறார்கள். இதே காரணத்தால்தான் அளவிடும் வேலையும் வீட்டுக்கு வந்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டி சூரிச் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் பூனையின் காது விளிம்பில் குத்தி ஒரு துளி எடுத்து, கையடக்க மீட்டரில் வீட்டாரே பார்க்கும் முறையை நிலைநாட்டினார்கள். பழகிய மடியில் உட்கார்ந்த பூனை தரும் எண், ஆஸ்பத்திரி எண்ணைவிட நம்பத்தகுந்தது.

மீட்டரிலும் ஒரு வேறுபாடு உண்டு. மனித ரத்தத்தில் சர்க்கரையின் கணிசமான பங்கு சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. பூனையிடம் ஏறக்குறைய எல்லாமே பிளாஸ்மாவில். மனிதருக்கான கணக்கோடு செய்த மீட்டர் பூனையிடம் சற்றுக் குறைத்தே காட்டும். விலங்குகளுக்கென்று அளவு திருத்திய மீட்டர்கள் இதற்காக வந்தன. அவை கிடைக்காத இடத்தில் ஒரே மீட்டரைத் தொடர்ந்து பயன்படுத்தி, அந்த மீட்டரின் போக்கை மருத்துவர் அறிந்து வைத்திருப்பதே வழி. மனிதர் கையில் ஒட்டும் சென்சாரைப் பூனையின் முதுகிலோ விலாவிலோ மயிர் மழித்து ஒட்டுவதும் இப்போது நடக்கிறது.

எந்த இன்சுலின் என்பதிலும் பூனை தனிப்போக்குடையது. மனிதருக்கு 1940களில் உருவான, கலங்கலான என்.பி.ஹெச். இன்சுலின் பூனையிடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். பன்னிரண்டு மணி நேரம் தாங்காது. 2000இல் மனிதருக்கென ஒப்புதல் பெற்ற கிளார்ஜின் நிலைமையை மாற்றியது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஜாக்கி ராண்டும் உடன் ஆய்வாளர்களும், நோய் தொடங்கியவுடனேயே கிளார்ஜினும் மாவுச்சத்து குறைந்த தீனியும் கொடுத்தால் பல பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாத நிலை வருவதைக் காட்டினார்கள். இரண்டாம் வகை நோய் உள்ள மனிதர் பொறாமைப்படக்கூடிய செய்தி இது. 2009இல் பெங்களூரின் பயோகான் கிளார்ஜினை இந்தியாவில் விற்கத் தொடங்கிய பிறகு மருந்து எட்டும் தூரத்துக்கு வந்தது. சிக்கல் என்னவென்றால் கிளார்ஜின் நூறு வீரியம். மருந்துக்கடையில் பழக்கத்தில் எடுத்துக்கொடுக்கும் சிரிஞ்சோ சிவப்பு மூடி. முந்தைய கணக்கின் இரண்டரை மடங்கு இங்கேதான் பிறக்கிறது. மனிதப் பேனாக்களில் பலவும் ஒவ்வொரு யூனிட்டாகவே நகரும். பூனைக்கு அரை யூனிட் கூட்டிக் குறைக்க வேண்டியிருப்பதால், அரைக் கோடு போட்ட 0.3 மி.லி. ஆரஞ்சு மூடி சிரிஞ்சே கேட்டு வாங்கத்தக்கது.

கற்றுக்கொள்ளும் முறை பெரிதாக மாறவில்லை. ஜாஸ்லின் காலத்துப் பாடத்தின் நீட்சிதான். முதலில் வெறும் உப்புநீரை இழுத்துப் பழகுகிறார்கள். கலங்கல் இன்சுலினை உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்டுவார்கள், குலுக்க மாட்டார்கள். தெளிவான கிளார்ஜினை உருட்டவும் தேவையில்லை, வேறு எதனோடும் கலக்கவும் கூடாது. பிடரியிலோ விலாவிலோ தோலைக் கூடாரம்போல் தூக்கி, அடியில் ஊசி. பூனை தின்றதைப் பார்த்த பிறகே மருந்து. தின்னவில்லை, வாந்தி எடுத்தது என்றால் மருத்துவரைக் கேட்காமல் முழு அளவு போடுவதில்லை. வீட்டில் இருவர் மாறி மாறிப் போடும்போது, போட்டாயிற்றா என்ற ஐயம் எழுந்தால் போடாமல் விடுவதே விதி. ஒரு வேளை விட்டால் சர்க்கரை கூடும், அவ்வளவே. இரண்டு முறை போனால் உயிர் போகலாம். காலண்டரில் நேரத்தையும் அளவையும் குறித்து வைப்பது இதற்காகத்தான்.

சர்க்கரை தாழ்ந்த பூனை தள்ளாடும், சோர்ந்து கிடக்கும், நடுங்கும், பிறகு வலிப்பு வரும். நினைவிருந்தால் தீனி வைக்க வேண்டும்; விழுங்க முடியாவிட்டால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். தாழ்ந்த சர்க்கரைக்கு எதிராக உடல் தானே சர்க்கரையை உயர்த்திவிடுவதும் உண்டு. 1938இல் மைக்கேல் சோமோஜி மனிதரிடம் விவரித்த விளைவு அது. பூனையிடம் அது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தாலும், உயர்ந்த எண்ணைக் கண்டதும் அளவைக் கூட்டக்கூடாது என்பதில் வேறுபாடு இல்லை. ஓர் அளவு நிலைக்க ஐந்திலிருந்து ஏழு நாள் ஆகும். அதற்கு முன் கூட்டுவது அவசரம். செலவிலும் ஒரு விசித்திரம் இருக்கிறது. கிளார்ஜின் காட்ரிட்ஜ் ஒன்றில் 300 யூனிட். நாளுக்கு இரண்டு யூனிட் வாங்கும் பூனை 28 நாளில் தீர்ப்பது 56 யூனிட். திறந்த மருந்துக்கு நிறுவனம் சொல்லும் ஆயுள் அந்த 28 நாள் என்பதால், மீதியைக் கொட்ட வேண்டியிருக்கிறது.

ஊசியே வேண்டாம் என்ற காலமும் அரும்பியிருக்கிறது. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மருந்துகளில், பெக்ஸாக்ளிஃப்ளோசின் மாத்திரைக்கு 2022 டிசம்பரிலும் வெலாக்ளிஃப்ளோசின் திரவத்துக்கு 2023 ஆகஸ்டிலும் அமெரிக்க அரசு பூனைகளுக்கென்றே ஒப்புதல் அளித்தது. நாளுக்கு ஒரு வேளை வாய்வழி கொடுத்தால் போதும். ஆனால் கீட்டோன் நஞ்சேறும் அபாயம் இருப்பதால், ஏற்கெனவே இன்சுலின் எடுத்துவந்த பூனைக்குக் கொடுக்கக்கூடாது என்று பெக்ஸாக்ளிஃப்ளோசினின் எச்சரிக்கைக் குறிப்பே சொல்கிறது. இன்சுலினில் பழகிவிட்ட பூனைக்குக் காலையும் மாலையும் போடும் அந்த ஒரு யூனிட்டே இன்னும் சிகிச்சை.